மலை ஏறக்கூடாத மாதங்கள்

ஏழாம் மாதம் என் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. வந்தவர்கள் கலவைச் சோறு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழந்தை பிறக்கும்வரை நான் செய்யக்கூடாத காரியங்களைச் சொன்னார். "முடி எடுக்கக் கூடாது மாப்ள. பொணம் தூக்கக் கூடாது. கடல்ல குளிக்கக் கூடாது. மலை ஏறக் கூடாது. அம்புட்டுத்தான்." முதல் மூன்றுக்கும் மனதாரத் தலையாட்டினேன். நாலாவதற்கும் தலை ஆடத்தான் செய்தது. ஆனால் என் சட்டைப்பையில் பத்து நாள் லீவு சாங்ஷன் ஆன காகிதம் மடித்துக் கிடந்தது. அந்த லீவை நான் வாங்கியதே, சைக்கிளில் தனியாக மலை ஏறுவதற்காகத்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒரு சர்க்கார் அலுவலகத்தில் வரைபடங்களை நகல் எடுக்கும் வேலை. பகல் முழுக்க உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, நைந்துபோன பழைய தாளில் இருக்கும் வயலையும் வாய்க்காலையும் வண்டிப் பாதையையும் புதுத்தாளில் இழுக்க வேண்டும். மலை வந்தால் அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டுவிட்டு நடுவில் வெறுமையாக விட்டுவிடுவோம். அங்கே அளக்க யாரும் போகவில்லை என்று அர்த்தம். அந்த வெறும் இடம் என்னைப் பாடாய்ப் படுத்தும். பொதுவாகவே எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவேன். கல்யாண வீட்டில் பந்தி போடும் முன்பே செருப்பைத் தேடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று வீட்டில் சொல்வார்கள். சக்கரத்தை நான் பிறகுதான் வாங்கினேன்: கறுப்பு நிறம், கம்பி பிரேக், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை.

ஒத்தக்கடையில் வாடகை வீடு. ஆபீசுக்கும் வீட்டுக்கும் தினம் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் போய் வருவேன். அது சலித்தபிறகு நத்தம், பிறகு சிவகங்கை, ஒருமுறை தேனி. எங்கே போனாலும் கடைசியில் ஒரு மலை குறுக்கே நின்று, "இதுக்கு மேல நீ எங்க வரப்போற" என்று கேட்பதுபோல் இருக்கும். கொடைக்கானலில் இருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாறு வரைக்கும் காட்டுக்குள் ஒரு பழைய பாதை போவதை வரைபடத்தில் பார்த்த நாளில் இருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பேரிஜம் என்ற பெயரை என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டாள். "யாரு அந்தப் பேரிஜம், அத்தை மகளா?" என்று கேலி செய்வாள்.

நாலு வருடம் கேட்டுக் கிடைத்த லீவு. குழந்தை பிறந்துவிட்டால் அவ்வளவுதான், இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று எனக்கு ஒரு பதற்றம். சாஸ்திரம், சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. என் மனைவிக்கு இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பாள், அழுவாள், அவள் அம்மா காதுக்குப் போகும், ஊரே கூடும் என்று நானே எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. வளைகாப்பு முடிந்து சோழவந்தானில் தாய்வீட்டில் இருந்த அவளிடம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வரை சைக்கிளில் போய் வருவதாகச் சொன்னேன். எல்லாம் சமவெளி, ஒரு மேடுகூடக் கிடையாது. என் மாமியார் அதிலும் குறை கண்டுபிடிக்கப் பார்த்து, கடைசியில், "கோயில் குளமாப் பாத்துட்டு வாங்க மாப்ள, புள்ளைக்கு நல்லது" என்றார்.

"ஊர் ஊருக்குக் கார்டு போடுங்க. எங்க இருக்கீகன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாள் அவள்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் சிநேகிதன் ஒருவன் மதுரையில் இருந்து திருச்சி வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஒத்தக்கடை வீட்டில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து மூன்று போஸ்ட் கார்டு எழுதினேன். திங்கட்கிழமை தேதியிட்டுத் திருச்சியில் இருந்து ஒன்று, புதன்கிழமைக்குத் தஞ்சாவூர், வெள்ளிக்கிழமைக்குக் கும்பகோணம். மலைக்கோட்டையில் காற்று நன்றாக வருகிறது என்றும், பெரிய கோவில் நந்தியைப் பார்த்தபோது உன் நினைவு வந்தது என்றும் எழுதினேன். நந்தியைப் பார்த்து மனைவி நினைவு வருமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. கார்டுகளைக் கண்டக்டரிடம் கொடுத்து, அந்தந்த நாளில் அந்தந்த ஊரில் போடச் சொன்னேன். கும்பகோணத்துக்கு அவன் பஸ் போகாது. அதற்கும் ஆள் பிடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். "கவலைய விடு மாப்ள, நான் பாத்துக்கிறேன்."

ஞாயிறு காலை சோழவந்தானில் இருந்தே கிளம்பினேன். மேற்கே, வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பின்னால், மலை நீலமாகத் தெரிந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே மிதித்தேன். அவளும் மாமியாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இன்னொரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். சமயநல்லூர் வந்ததும் திண்டுக்கல் ரோட்டில் ஏறி மறுபடி மேற்கே திரும்பினேன். வாடிப்பட்டியைக் கடக்கும்போது, மாமனார் வீட்டுச் சொந்தக்காரர்கள் யார் கண்ணிலாவது பட்டுவிடுவேனோ என்று தலையில் துண்டைக் கட்டி முகத்தைப் பாதி மூடிக்கொண்டேன். முப்பது வயதுக்காரன் திருடனைப்போல் மிதித்துக்கொண்டு போனேன். வெட்கமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

வத்தலக்குண்டில் தங்கி, திங்கட்கிழமை விடிந்ததும் மலைப்பாதையைத் தொட்டேன். முதல் கொண்டை ஊசி வளைவுவரை மிதித்தேன். இரண்டாவதில் எழுந்து நின்று மிதித்தேன். மூன்றாவதில் இறங்கித் தள்ளினேன். அதன்பிறகு இரண்டு நாள் பெரும்பாலும் தள்ளல்தான். சைக்கிள் பயணம் என்று சொல்வதைவிட, சைக்கிளை மலைக்குக் கூட்டிப்போனேன் என்று சொல்வது பொருத்தம். கேரியரில் கம்பளி, அவல், வெல்லம், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான். டம்டம் பாறையில் நின்று திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளி வெளிறிக் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்து, நகல் எடுத்து, பந்தியில் உட்கார மாட்டாமல் தவித்த அத்தனை இடமும் ஒரு பார்வையில் அடங்கியது. ஐந்து நிமிடம் பார்த்தேன். அதற்குள் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன என்று கால் குறுகுறுத்தது.

பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கத்தினார்கள். "அண்ணே, ஏறிக்கங்க, சைக்கிளை மேல போட்டுரலாம்!" ஒரு லாரிக்காரர் நிறுத்தியே கேட்டார். மறுத்ததும், எனக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊத்து என்ற இடத்தில் டீக்கடை பெஞ்சில் படுத்து எழுந்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தேன். தொடை இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் கனத்தன. ஏரியைச் சுற்றி ஜோடி ஜோடியாக வாடகைச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பேரிஜம். வனத்துறைக் காவலர் ஒருவர், மஃப்ளர் சுற்றிய நடுத்தர வயதுக்காரர், என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு மேல கடை கண்ணி கிடையாது. ஆனை நிக்கும், மாடு நிக்கும். ஒத்தையிலயா போறீங்க?" ஆமாம் என்றேன். அனுமதிக்கு ஒரு நோட்டை எடுத்தார். பெயர், வேலை எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்? வீட்டு விலாசம் சொல்லுங்க."

சோழவந்தான் என்று வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த விலாசத்துக்கு இங்கிருந்து ஒரு வரி போனாலும் என் குட்டு வெளிப்பட்டுவிடும். கண்டக்டர் சிநேகிதனின் விலாசத்தைச் சொன்னேன். "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். "அண்ணன்" என்றேன். அவர் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இங்கே ஒரு பள்ளத்தில் விழுந்து கிடந்தால், என் மனைவி தஞ்சாவூர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பாள். முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. அது யானைப் பயம் இல்லை.

பயம் வந்தால் திரும்ப வேண்டியதுதானே. நான் திரும்பவில்லை. வியாழக்கிழமை விடிகாலையில் புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. கைப்பிடி இரும்பு விரலைக் கடித்தது. மங்கி குல்லாவை இழுத்துவிட்டு மிதித்தேன். சோலைக்காடு, பிறகு வெட்டவெளிப் புல்மேடு, மறுபடி சோலை. பாதை என்று இருந்தது பாதிக்கு மேல் கல். பகல் பத்து மணிக்கு ஒரு திருப்பத்தில் காட்டுமாடு ஒன்று பாதையின் நடுவே நின்றது. நான் சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் குறுக்கே நிறுத்திக்கொண்டு அசையாமல் நின்றேன். அது சாவகாசமாக என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. என் வாழ்நாளிலேயே நான் அசையாமல் நின்ற அரைமணி நேரம் அதுதான்.

அன்று நான் எத்தனையோ உயரத்தில், மனிதக் குரலே இல்லாத ஓர் இடத்தில், மேகம் என் முழங்காலுக்குக் கீழே போவதைப் பார்த்தேன். நாலு வருடமாக எதற்கு ஏங்கினேனோ அது கண்முன்னே இருந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் நான் முழுதாக அங்கே இல்லை. இந்நேரம் நான் தஞ்சாவூரில் இருக்க வேண்டும், நாளை கும்பகோணம், மகாமகக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனம் இன்னொரு பயணத்தை ஓட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பயணத்தில்தான் எனக்கு மூச்சு வாங்கியது. வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, அவளிடம் இந்த மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாதே என்று நினைத்தேன். அது மட்டும் நன்றாக வலித்தது.

டாப் ஸ்டேஷன், மூணாறு எல்லாம் கடந்து சனிக்கிழமை போடிமெட்டு. சமவெளிக்காரன் ஏறுவதற்குத்தான் பயப்படுவான். ஆறு மாதம் தினமும் யானைமலை அடிவாரத்தில் ஓட்டிக் காலைத் தயார் செய்திருந்தேன். இறங்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஏழெட்டு வளைவில் பிரேக் ரப்பர் கருகி நாற்றம் அடித்தது. பிறகு பிரேக் என்று ஒன்று இல்லை. வேலி ஓரம் போய் விழுந்து முழங்கை சிராய்த்தது. விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்து, திட்டிக்கொண்டே, இலையோடு ஒரு பெரிய கிளையை வெட்டி, கேரியரில் கயிறு கட்டித் தரையில் இழுபடும்படி விட்டார். "அது இழுக்கும், வண்டி அடங்கி வரும். அவசரப்பட்டா போய்ச் சேந்துருவ." அந்தக் கிளை புழுதி கிளப்பிக்கொண்டு பின்னால் வர, போடிக்கு இறங்கினேன்.

ஞாயிறு விடியலில் கிளம்பி, உசிலம்பட்டி வழியாக மத்தியானம் மதுரை வந்தேன். சோழவந்தானுக்குப் போகும் முன், கார்டு விவகாரம் சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ளக் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? உன் பொண்டாட்டிக்கு வியாழக்கெழம வலி வந்து பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. உன் மச்சான் தஞ்சாவூர் பூரா உன்னத் தேடிட்டு நேத்து இங்க வந்து நின்டாரு. தெரியாதுன்னுட்டேன்."

கார்டு என்று மட்டும் கேட்டேன்.

"அதெல்லாம் பக்காவாப் போட்டுட்டேன். செவ்வாய்ல இருந்து டூட்டி மாத்திப் போட்டாய்ங்க. அதான் திங்கக்கெழமையே திருச்சி ஸ்டாண்டுல மூணையும் சேத்துப் போட்டேன். எங்க போட்டா என்ன மாப்ள, போய்ச் சேந்துரும்ல?"

போய்ச் சேர்ந்துதான் இருந்தன. வெள்ளிக்கிழமை தேதி போட்டு கும்பகோணத்தில் இருந்து நான் எழுதிய கார்டு, திருச்சி முத்திரையோடு, புதன்கிழமையே சோழவந்தானுக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு எப்படி மிதித்தேன் என்று தெரியாது. பிரேக் இல்லாத வண்டி, காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். வார்டு வாசலில் என் மைத்துனர் நின்றிருந்தார். அவளுக்கு மூத்தவர், யார்மீதும் கை நீட்டாத மனிதர், அன்று கையை இறுக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளு ஒரு லாட்ஜு, ஒரு சத்திரம் விடல மாப்ள. எங்க இருந்தீக?" கும்பகோணம் போய்விட்டேன் மச்சான் என்றேன். மலையில் இருந்து இறங்கிய பிறகும் பொய்யை விட்டு இறங்க முடியவில்லை. என் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். பனியில் மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்திருந்தது. "தஞ்சாவூர் வெயிலு இப்படியா உரிக்கும்?" என்றார். உள்ளே கட்டிலில் இருந்து அவள் குரல் வந்தது. "அங்க வெயிலு சாஸ்திதாம்மா. அவுகளை உள்ள விடுங்க."

அது பிரசவ வலி இல்லை, சூட்டு வலி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாள் இருக்கிறது, இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றாராம். மகள் சித்திரையில், சொன்ன நாளில், குறையொன்றும் இல்லாமல் பிறந்தாள். அதனால் இந்தக் கதையில் மலை யாரையும் தண்டிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டில் ஓரத்தில் நின்றபோது எனக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது.

மாமியார் வெந்நீர் பிடிக்கப் போனதும் அவள் மெதுவாகப் பேசினாள். புதன்கிழமை மூன்று கார்டையும் கையில் வாங்கிய உடனேயே, நான் பேரிஜத்துக்குத்தான் போயிருப்பேன் என்று புரிந்துவிட்டதாம். கும்பகோணத்தையும் திருச்சியையும் அடுப்பில் போட்டுவிட்டாள். மறுநாள் வலி வந்து, அண்ணன் என்னைக் கூட்டிவரக் கிளம்பியபோது, தஞ்சாவூர் கார்டை மட்டும் எடுத்து, முத்திரை தெரியாமல் நீட்டியிருக்கிறாள். அங்கே நான் இருக்க மாட்டேன் என்று தெரிந்தேதான்.

"மலையிலன்னு சொன்னா, அதனாலதான் வலின்னு அம்மா உங்களைக் கரிச்சுக் கொட்டியிருக்கும். வம்சத்துக்கும் பேசும். அதான் சொல்லல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா எனக்கும் அதே நெனப்புதான். ஒவ்வொரு வலிக்கும், இப்ப அவுக ஏறுறாக, இப்ப ஏறுறாகன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லி அழ முடியல."

நான் அழுதேன். அடுத்த கட்டிலில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, என்னைக் கொஞ்சமாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன், இப்படிக் கேட்டேன்.

"நான் உன்கிட்ட உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தா மட்டும் விட்டிருப்பியா?"

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. கேள்வியை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி யோசித்தாள்.

"தெரியலங்க" என்றாள். "நீங்க கேட்டிருந்தாத்தான எனக்கே தெரிஞ்சிருக்கும்."